ஒரு நூல்

பத்து நாள் குப்புறவே கிடக்க வேண்டும் என்று
சொல்லி அனுப்பிவிட்டார்கள்.
விழித்திரையை ஒட்டவைத்து
கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழி விட்டிருக்கிறார்கள்.
அது மேலே மிதந்து கிழிசலை அழுத்த வேண்டுமானால்
எல்பியோ தரையைப் பார்க்க வேண்டும்.
அவ்வளவுதான் வைத்தியம்.

முப்பத்தாறு வருஷம் ரசமட்டத்தின் குமிழியை
இரண்டு கோட்டுக்கு நடுவில் நிறுத்தியவன்.
இப்போது ரசமட்டமே இவன்தான்.
ஆடாதே, ஆடாதே என்று அதட்டுவது என் வேலை.

சோபாவின் விளிம்பில் நெற்றிக்கு ஒரு தலையணை.
கீழே முக்காலியில் கிண்ணம்.
மாத்தே குடிக்கும் உலோகக் குழாய்
இந்தக் கிடைக்கென்றே செய்ததுபோல் வாய்க்கு எட்டுகிறது.
என்னை இப்போது செருப்பால் அடையாளம் காண்கிறான்.
"மிர்தா, வார் அறுந்திருக்கிறதே" என்கிறான்
ஏழு மாதமாக அறுந்திருப்பதை.

மூன்றாம் நாள்
தரை பேச ஆரம்பித்துவிட்டது அவனிடம்.
கல்யாணமான வருஷம் அவனே பதித்த ஓடுகள்.
"ஜன்னலிலிருந்து நாலாவது,
ஒரு நூல் சாய்ந்திருக்கிறது."
நான் குனிந்து பார்த்தேன்.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
"இத்தனை வருஷம் இதன்மேலா சாப்பிட்டோம்?"
அன்று ராத்திரி அவன் தூங்கவில்லை.

அதனால்தான் புத்தகம்.
ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்
அட்டை கிழிந்ததால் மலிவாக வந்த கொலைக்கதை.
நான் கதை படிக்கிற ஆளில்லை.
மருந்துச் சீட்டு, எரிவாயுக் கட்டணம்,
மாவுப் பாக்கெட்டின் பின்பக்கம்,
இவைதான் என் இலக்கியம்.
ஆனாலும் மொண்டேவீடியோ ஜூலை மாத மழை
ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது.
அவன் முதுகைப் பார்த்தபடி
எத்தனை நேரம் சும்மா உட்கார்வது?

நாலு மணி நேரத்துக்கொருமுறை சொட்டு மருந்து.
நிமிர்த்தி, இமையை விரித்து, ஒன்று, இரண்டு.
திரும்பக் கவிழ்த்து, விட்ட இடத்திலிருந்து
பணக்காரக் கிழவர் மெல்லச் சாகும் அத்தியாயம்.
அடுப்பில் பயறு கொதிக்கும்,
பூசணியும் சோரிசோவும் போட்டு.
கரண்டியைப் பக்க அடையாளமாக வைத்ததில்
நூற்று நாற்பதாம் பக்கத்தில் ஒரு கறை.

எட்டாம் நாள்தான் கொலையாளி வெளிப்பட்டாள்.
ஆமாம், வெளிப்பட்டாள்.
மனைவி.
ஒன்பது வாரம், தினம் ஒரு சொட்டு,
அவருக்குப் பிடித்த சூப்பில்.

என் கையில் சொட்டு மருந்துக் குப்பி.
அடுப்பில் அவனுக்குப் பிடித்தது.
கீழே அவன், பிடரி வெளுத்து,
பார்க்க முடியாமல், கேட்டுக்கொண்டு,
"நிறுத்தாதே, யார் யார்?" என்கிறான்.

தோட்டக்காரன், என்றேன்.

பிறகு நிற்க முடியவில்லை.
அவன் கைக்குச் சேறு பூசினேன்,
ஒரு பழைய கடனை ஏற்றினேன்,
கொட்டகையில் ஒரு டப்பாவை ஒளித்தேன்.
பக்கம் புரட்டும் சத்தத்தை
நடுநடுவே சரியாகப் போட்டேன்.
நூலை ஒரு நூல் சாய்த்துவிட்டேன்.
"எனக்கு அப்போதே தெரியும்" என்றான் எல்பியோ,
தரையைப் பார்த்து, திருப்தியாக.

குமிழி சிறுத்தது. பட்டாணி, மிளகு,
பிறகு இல்லை.
செப்டம்பரில் புதுக் கண்ணாடி வந்தது.

ஒரு மத்தியானம் நான் வெங்காயம் நறுக்குகிறேன்.
கூடத்தில் பக்கங்கள் புரள்கின்றன.
புரள்கின்றன.
நின்றுவிட்டன.

எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டியதில்லை.
கத்தியை வைத்துவிட்டு நின்றேன்.
வெங்காயம் என் கண்ணில் வேலை செய்துகொண்டிருந்தது.

நாலாவது ஓட்டை மிதித்து வந்தான்.
பானை மூடியைத் திறந்தான்.
நெடுநேரம் முகர்ந்தான்.
"பாவம் அந்தத் தோட்டக்காரன்.
இந்த மழையில் ஜெயிலில் என்ன போடுவார்களோ"
என்று சொல்லி
தட்டை நீட்டினான்.