ஊர்க்குருவி, ஏழாவது வரைவு

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்.
கனெக்டர் ஊசிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து
எட்டு மைக்ரான் வளைந்திருந்தால் ஒதுக்குவது என் வேலை.
ஒதுக்கீட்டுத் தாளுக்குப் பின்பக்கம் உண்டு.
அங்கேதான் வளர்ந்தது என் போர் விமானம்.

ஒற்றை எஞ்சின். ஓர் ஆள்.
நீளம் பதினொன்று புள்ளி ஆறு மீட்டர்.
வால் ஒன்றா இரண்டா என்று
மார்ச் முழுக்க என்னோடு நானே மல்லுக்கட்டி
இரண்டு வைத்தேன், சற்றே வெளிப்பக்கம் சாய்த்து.
அழகுக்காகத்தான். வேறு காரணம் சொன்னால் பொய்.

பெயர் மட்டும் சுலபமாக வந்தது.
உயர உயரப் பறந்தாலும் பருந்தாகாது என்று
எதைச் சொன்னார்களோ, அதையே வைத்தேன்.
பருந்து என்ற பெயரில் நிஜமாகவே ஒன்று இருக்கிறது,
இங்கிலாந்துக்காரன் செய்த ஹாக்.
என் குருவி அதைவிட ஒரு சாண் நீளம்.
ஆகாவிட்டால் போகட்டும்.

ஒப்பிடாமல் இருக்க முடியுமா?
சுகோய் முப்பதின் நிழலில் இதை நிறுத்தினால்
பாதி நிழல் மிச்சமிருக்கும்.
அது புகைவாயைத் திருப்பிக் காற்றிலேயே கரணம் போடும்.
என்னுடையது போடாது. திரும்பும், அவ்வளவுதான்.
மிக் இருபத்தொன்பது
கல் கிடக்கும் ஓடுபாதையில் வாயை மூடிக்கொண்டு
தோள்பட்டை வழியாக மூச்சு விடும்.
நான்காவது வரைவில் அதைத் திருடினேன்.
ஐந்தாவதில் திருப்பிக் கொடுத்தேன். எடை.

ஹார்னெட்டுக்கு வாலடியில் கொக்கி,
மடிகிற இறக்கை,
விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கப் பிறந்தது.
நம்மிடம் இருப்பதோ பினாங்கு ஃபெர்ரி
என்று சொல்லிச் சிரித்தேன், கிளெமென்ட்டிடம்.

கிளெமென்ட் சவரிநாதன், சாலிடர் அடுப்புப் பிரிவு.
பட்டர்வொர்த் தளத்தில் பத்து வருஷம்
ஹார்னெட்டுக்கு டயர் மாற்றிய கை.
விடிகாலை மூன்று மணி இடைவேளையில்
நாசி லெமாக் பொட்டலத்தைத் தள்ளி வைத்து
சம்பல் பட்டுவிடாமல் தாளின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தான்.
உந்துவிசையைக் கேட்பான் என்றிருந்தேன்.
எரிபொருள், ராடார், இறக்கைப் பரப்பு,
எல்லாப் பதிலும் மனப்பாடம்.

"பைலட்டு எப்படி ஏறுவாரு?" என்றான்.

காக்பிட் விளிம்பு தரையிலிருந்து இரண்டு புள்ளி ஏழு மீட்டர்.
இருக்கை, நான்கடி பத்தங்குல ஆளுக்கு அளந்தது.
அது யாருடைய உயரம் என்று அவன் கேட்கவில்லை.
ஆறு மாதமாக உள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறேன்,
ஏறியது எப்படி என்று
ஒரு தடவைகூட நினைக்காமல்.

"ஹார்னெட்டுல பாரு, இடது பக்கம்,
கழுத்துக்குக் கீழ ஏணிய மடிச்சு வச்சிருப்பான்.
மழையில வழுக்கும். ரெண்டு தடவ விழுந்திருக்கேன்."
முட்டியைத் தேய்த்துக்கொண்டான்,
விழுந்தது நேற்றுப்போல.

ஏணிக்குப் பதினான்கு கிலோ.
இடத்துக்கு இடது தொட்டியைக் குடைந்தேன்.
நாற்பத்தொரு நிமிடப் பறப்பு முப்பத்தெட்டாயிற்று.
போதும், கொடிமலையைச் சுற்றி
முக்கா ஹெட் கலங்கரை விளக்கைத் தொட்டுத் திரும்ப.
எதிரி வந்தால்?
மூன்று நிமிடம் முன்னதாக
வீட்டுக்குக் கிளம்பவேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை, தெலுக் ஆயர் தாவார்,
இறால் மீ கடை.
சக்கரங்களைத் தொங்கவிட்டபடி
தலைக்கு மேலே தாழ்ந்து வந்தது நிஜமானது.
தே ஓ கிளாஸில் ஐஸ் அதிர்ந்தது.
பக்கத்து மேசைப் பேச்சு பாதிச் சொல்லில் நின்று
ஓசை போன பிறகு மீதிச் சொல்லைச் சொன்னது.
நான் மட்டும் எழுந்து நின்றிருந்தேன், சுமாட்டும் கையுமாக.
எப்போதும் வாலைத்தான் பார்ப்பேன்.
அன்று இடது கழுத்தடியைத் தேடினேன்.
ஒரு கோடுகூடத் தெரியவில்லை.
அவ்வளவு ஒழுங்காக மடித்திருக்கிறான்.

எட்டாவது வரைவில் என்னுடையது
இன்னும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது,
கீழ்ப்படி தரைக்கு எட்டாமல்.