இருபது வளைவு

பேருந்து ஏறும்போதே சொல்லிவிட்டாள் லக்‌ஷிதா,
இருபது வளைவையும் எண்ணப்போகிறாளாம்.
வீங்கிய கன்னத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டாள்.
ஏற்காட்டுக் குளிர் அதற்கு இதம்.

காப்பிப் பழம் பறிக்கிற மாசம்.
ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி.
மேஸ்திரி என் பெயரைச் சுழித்துவைத்திருப்பார்.

"விழற பல்லுக்கு எவளாச்சும் பஸ் ஏறுவாளா?"
மிளகு ஏணியைச் சாய்த்தபடி கேட்டார் இவள் அப்பா.
அதில் பாதி நியாயம் இருந்தது.
மீதிப் பாதி ராத்திரி முழுக்க அழுதது
கிராம்பு வைத்தும்
உப்புத் தண்ணீர் கொப்பளித்தும்
கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை காட்டியும்.
புகைக்குப் புழு விழும் என்றார்கள்.
கிண்ணத்துத் தண்ணீரில் நானும் தேடினேன்.
வெடித்த விதையின் தோல்தான் மிதந்தது.
எல்லாரும் புழு என்றார்கள்,
நானும் புழு என்றேன்.

ஏழாவதில் வாந்தி எடுத்தாள்.
துடைத்து முடிப்பதற்குள் இரண்டு வளைவு ஓடிப்போச்சு.
அதையும் சேர்த்துக்கோ என்றேன்.
பார்க்காததை எப்படிச் சேர்ப்பதாம்.

அவருக்குக் கூலி பற்றிய பயம் இல்லை.
அவர் அண்ணன் கோவிந்தன் சேலத்துக்குப் போய்
மேல்பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.
மறுவருசம் கண்ணாடி போட்டார்.
கண்ணாடி போடுகிற வயசுதான் அது என்று
யாரும் சொல்லவில்லை, நான் உட்பட.
அன்றிலிருந்து எங்கள் வீட்டில்
மேல்வரிசைக்கு வேர் கண்ணில்.
அவர் வாயில் மூன்று பல் முறிந்து கிடக்கிறது,
எரிந்த காட்டில் நிற்கிற கட்டை மாதிரி.
வலிக்கிற நாளில் உயரமான மரமாகப் பார்த்து ஏறுவார்.
பேசமாட்டார்.

எனக்குப் பிரசவத்துக்கு ஒன்றாகப் போனது.
அது கணக்கிலேயே வராது.

ஆஸ்பத்திரி நாற்காலி தானாகச் சாய்ந்தது.
டாக்டர் சின்னப் பெண், உறை மாட்டிய விரல்.
பக்கத்தில் ஒருத்தி பாரம் நிரப்பினாள்.
தாய் படிப்பு: ஐந்து.
தந்தை தொழில்: கூலி.
மிளகுக்கு மரம் ஏறுகிறவர் என்றேன்.
கூலி என்பதோடு இடம் முடிந்திருந்தது.
வீட்டில் யாராவது பல் டாக்டரிடம் போனதுண்டா?
கோவிந்தனைச் சொல்லலாமா என்று யோசித்தேன்.
இல்லை என்றேன்.

"ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க?"

அதற்குப் பாரத்தில் கட்டம் இல்லை.
தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பதித்திருந்தார்கள்.
அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பால்பல் மொத்தம் இருபது, என்றார் டாக்டர்,
தானும் எதையாவது பேச வேண்டும் என்பதுபோல.
லக்‌ஷிதா இறுக்கி மூடிய கண்ணைத் திறந்தாள்.
"எங்க ரோடு மாதிரியா?"

வீக்கம் வடிய மாத்திரை. செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்.
செவ்வாய் என்றால் இன்னொரு கூலி.
போனோம்.
ஒன்றை எடுத்தார், ஒன்றை அடைத்தார்.
ஆறு மாசம் முன்னால் வந்திருந்தால்
இரண்டையுமே அடைத்திருக்கலாமாம்.
கீழே முளைக்கிறதுக்கு இது இடம் பிடித்துவைக்குமாம்,
பேருந்தில் துண்டு போடுகிற மாதிரி.
விழப்போகிற பல்லுக்கு அப்படி ஒரு வேலை இருப்பது
எனக்கு இருபத்தெட்டு வயசில் தெரிந்தது.

திரும்பும்போது பஞ்சைக் கடித்தபடி
விரல் மடக்கி எண்ணினாள்.
பத்தொன்பதோடு நிறுத்திக்கொண்டாள்.
இன்னொன்று இருக்கே என்றேன்.
கன்னத்தைக் காட்டினாள்.

ராத்திரி அவர் அவளைப் பாறை ஓரம் தூக்கிப்போனார்.
பனி விலகி, கீழே சேலம் மின்னிக் கிடந்தது.
உள்ளங்கையால் அவள் இடக்கண்ணைப் பொத்தினார்.
"தெரியுதா?"
"தெரியுது."
"என்ன தெரியுது?"
"பஸ்ஸு. வளைவுல ஏறுது."
எனக்குத் தெரியவில்லை.
அவருக்கும் தெரிந்திருக்காது, கழுத்தை நீட்டிப் பார்த்தார்.
கையை மாற்றி மறுகண்ணைப் பொத்தினார்.
மறுபடி கேட்டார்.

ஆஸ்பத்திரிச் சீட்டை ரேஷன் கார்டுக்குள் வைத்திருந்தேன்.
காலையில் அது தலைகீழாக இருந்தது.