சேர வேண்டிய முகவரி

திருகோணமலைத் தபால் கந்தோரில்
இருபத்தாறு வருஷம் கடிதம் பிரித்தவன் நான்.
அனுப்புநர் கடவுள் என்று எழுதிய உறை
ஒருநாளும் என் கையில் விழவில்லை.
விழுந்ததெல்லாம்
காசு கிடைத்ததா,
கூரைக்குத் தகரம் வாங்கியாச்சா,
சின்னவளுக்கு இருமல் விட்டுதா.

வஸ்தியான் எழுதியதும் அப்படி ஒன்றுதான்.
தொண்ணூற்றொன்று ஐப்பசி,
தெற்கே ஒரு தடுப்பு முகாமிலிருந்து,
தணிக்கைக்காரரின் ஊதா முத்திரையோடு.
பெண்சாதி திரேசம்மாவுக்கு எழுத்துக் கூட்ட வராது.
உப்புவெளிக் கோயில் வளவில்
தறப்பாளுக்குக் கீழே இருந்தது சனம்.
பூசை முடிந்து கலைய முன்னம்
உபதேசியார் உரத்து வாசித்தார்:

மழைக்கு நிலம் குளிருது,
ஆரும் இந்தப் பக்கம் வந்தால் என்ர போர்வையைக் குடுத்துவிடு.
பொலிக்காப்புக்கு வலைக்கடன் முந்நூறு, மறக்காதை.
கதவைப் பூட்டுறவனுக்கும் இரவு நீளம்தான்,
அவனுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துங்கோ.

அடுத்த ஞாயிறும் வாசிக்கச் சொன்னார்கள்.
அதற்கடுத்த ஞாயிறு
கேட்காமலே வாசித்தார்.

சாம்பல்தீவிலிருந்து ஆள் வந்து கொப்பி கேட்டது.
மொடெஸ்தா சதுரரூல் கொப்பியில் பெயர்த்தாள்.
கடன் வரியை விட்டாள்.
போர்வையை விடவில்லை;
'அது இல்லாட்டி அவர் மனுசரில்லை' என்றாள்.
நிலாவெளிப் பிரதியில் மெழுகுதிரி விளக்காகிவிட்டது,
அதற்கொரு சண்டை நடந்தது.
பட்டினத்துப் பிரதியின் கடைசித் தாளைக்
கோட்டை மான் தின்றுவிட்டது.

பிறகு இன்னொன்று வந்தது, அவன் பேரில்.
முத்துமுத்தான எழுத்து. பழிதீர்க்கும் நாள் பற்றி.
வாசித்து முடிய
வாங்கில் ஒன்று கிறீச்சிட்டது, அவ்வளவுதான்.
'இவ்வளவு பிழையில்லாமல்
அவருக்கு எழுத வராது' என்றாள் திரேசம்மா.
ஆரும் கை தூக்கவில்லை, தீர்மானம் இல்லை.
ஒருவரும் கொப்பி கேட்கவில்லை.

தம்பிக்காரன் எழுதியது நல்ல கடிதம்,
புத்திமதி நிறைய.
அது தகரப்பெட்டிக்குள் போனது.
ஏனென்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

அந்தக் காலத்திலும் இப்படித்தானோ?
கூடாரம் தைக்கிற கையொன்று சிறைக்குள் இருந்து
மேலங்கி கேட்டு எழுதியிருக்கும்,
துறைமுகத்துக்குத் துறைமுகம்
கப்பல்காரர் மடியில் போயிருக்கும்.
பெரியவர்கள் கூடிப் பட்டியல் போட்டார்களாம்,
இது உள்ளே, அது வெளியே என்று.
போட்டிருக்கலாம்.
பட்டியல் வந்து சேர்ந்த நேரம்
தாள்களின் ஓரம் ஏற்கெனவே
விரல் பட்டுக் கறுத்திருக்கும்.

தொண்ணூற்றாறில் வஸ்தியான் திரும்பி வந்தான்.
மொடெஸ்தாவின் புருஷனுக்கு அடக்கப்பூசை அன்று.
கடைசி வாங்கில் என் பக்கத்தில் குந்தினான்.
வாசிக்க எழும்பிய பெடிச்சி
கொப்பியைப் பார்க்கவே இல்லை.
கதவைப் பூட்டுறவனுக்கும் இரவு நீளம்தான்.
முடித்த வாய்
பழக்கத்தில் வேதவாசகத்தின் முடிவைச் சொல்லிவிட்டது.
சனமும் பழக்கத்தில் நன்றி சொல்லிவிட்டது.
சுவாமி திடுக்கிட்டு நிமிர்ந்தார்,
திருத்தவில்லை.

'ஆர் எழுதினது?' என்றான் காதுக்குள்.
'நீர்தான்.'
'இல்லை. நான் போர்வைக்குத்தான் எழுதினன்.'
கொஞ்சம் பொறுத்து,
'அடியில மூண்டு விரல் இடம் மிச்சமிருந்தது.
வெறுந்தாளாய் அனுப்ப மனம் வரேல்லை.'

அந்த மூன்று விரல் இடத்தில்
எந்தக் கந்தோர் முத்திரை என்று
நானும் தேடிப் பார்த்திருக்கிறேன்.
ஊதா மை அங்கே படவில்லை.

சேமக்காலையில் மண் போட்டு வெளியே வர
பொலிக்காப்பு வாசலில் நின்றான், சைக்கிளைப் பிடித்தபடி.
'வஸ்தியான் அண்ணை,
கொப்பியில விட்ட வரி ஒண்டு இருக்கு.'