கூத்தாடிக் கணக்கு

இக்கிட்டோஸ் நகரின் எங்கள் பேட்டையில்
குழாய் விடியுமுன் இரண்டு மணி நேரம் இருமும்.
அதற்குள் நிரம்பிவிட வேண்டும்
நீலப் பீப்பாய், வாளி, பிள்ளை குளிக்கும் தொட்டி.

இருபத்திரண்டு வருடமாக
அந்தப் பீப்பாய்களுக்குள் கைவிளக்கு அடித்துப் பார்க்கிறேன்.
வெளிச்சம் பட்டதும்
அடியை நோக்கி நெளிந்தோடும் கூத்தாடிகள்.
கரண்டியால் அள்ளிக் குப்பியில் விட்டு
தெரு, வீட்டு எண், தேதி எழுதுவேன்.
பென்சிலால்தான். மை ஈரத்துக்கு நிற்காது.

தேங்கிய நீரைக் கொட்டுங்கள் என்கிறது துண்டுப்பிரசுரம்.
எழுதியவர் வீட்டில் குழாய் நாள் முழுக்க ஓடும் போல.
எவுலாலியா துவானாமாவிடம் நான் அதை ஒப்பித்த அன்று
ஒரு குவளை மொண்டு நீட்டினாள்:
"முதல் குவளையை நீயே கொட்டு, பார்க்கிறேன்."
குடித்தேன்.
வேறென்ன செய்ய.
பிறகு வலைத்துணி ஒன்றை
வாய்விளிம்பில் இழுத்துக் கட்டிவிட்டு வந்தேன்.
மறுமாதம் போனால்
அதில் அகுவாஹே பழச்சாறு வடிகட்டிக்கொண்டிருந்தாள்.
எனக்கும் ஒரு தம்ளர்.

அலுவலகச் சுவரில் ஒரு வரைபடம்.
கடலே பார்க்காத எங்கள் ஊருக்கு
அலை என்றால் அதுதான்.
ஏறும். இறங்கும்.
மூன்று வருடம் பாயில் படுத்துக் கிடக்கும்.
பிறகு ஏதோ ஒரு சனவரியில்
சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும்.
ஒவ்வொரு சரிவின் மேலும் சிவப்பு அம்பு:
இங்கே புகை அடித்தோம்.

நானும் அடித்தவள்தான்.
முதுகில் இயந்திரம், மூக்கில் துணி,
மேசைக்கடியில் ஒளிந்த பூனைகள்,
ஜன்னலைச் சாத்திக்கொண்ட பாதித் தெரு.
ஆனால் அம்புகளை உற்றுப் பாருங்கள்,
ஒன்றுகூட உச்சிக்கு முன்னால் இல்லை.
மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கட்டில் போட்ட பிறகுதான்
பெட்ரோலுக்குக் கையெழுத்து வரும்.
களைத்து இறங்கும் அலையின் முதுகைத்
தட்டிக்கொடுத்துவிட்டு
நாங்கள் இறக்கினோம் என்று எழுதினோம்.

பெரும்பாலும் இறக்கியவர்கள்
எலும்பு நொந்து படுத்தவர்களே.
ஒன்றாம் வகையிடம் வாங்கிய அடியை
ரத்தம் மறப்பதில்லை,
அந்த முகத்துக்கு மறுபடி கதவு திறக்காது.
இரண்டாவது வேறு முகத்தோடு வந்தது.
மூன்றாவது படகிலா, விமானத்திலா, யார் கண்டது.
நான்காவது வந்த வருடம்
என் மகள் ரோசலித்துக்கு ஒன்பது வயது;
கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிப்பதாகச் சொன்னாள்.
பிழைத்தாள்.
பக்கத்துக் கட்டில் காலியானது.

காய்ச்சலற்ற வருடங்களில் பிறக்கும் பிள்ளைகளை
வரைபடம் காட்டுவதில்லை.
அந்தத் தட்டைக் கோட்டுக்கு அடியில்
அவர்கள் சேர்ந்துகொண்டே இருக்கிறார்கள்,
இருட்டில் பீப்பாய் நிரம்புவதுபோல.
முட்டைகளும் அப்படித்தான்.
நீர் இறங்கிய விளிம்பில்
மிளகுத்தூளாய் ஒட்டிக்கொண்டு
மாதக்கணக்கில் ஒரு வாளித் தண்ணீருக்குக் காத்திருக்கும்.
வருடாந்தர அறிக்கை சொல்கிறது: நிலைமை கட்டுக்குள்.

போன செவ்வாய் எங்கள் தெருவின் முறை.
சொந்த வீட்டை நாமே சோதிக்கக் கூடாது, விதி.
ஜெயினர் ஷுபிங்காவா வந்தான், சேர்ந்து இரண்டு மாதம்.
பீப்பாய் சுத்தம். பூச்சட்டி சுத்தம்.
நான் காப்பி வைக்கப் போனேன்.
குளிர்பெட்டியை அவன் நகர்த்தும் சத்தம்.
பிறகு சத்தமே இல்லை.

பின்பக்கத் தட்டில், துளித்துளியாய்ச் சேர்ந்த நீரில்,
வெளிச்சத்துக்கு வெட்கப்பட்டு ஒரு கூட்டம் ஆடிற்று.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
"எழுதட்டுமா, சென்யோரா?"
"எழுது. வீட்டு எண் 418. பதினொன்று."

குனிந்து மறுபடி எண்ணினான்.
"பன்னிரண்டு.
ஒன்று கூட்டுப்புழு ஆகிவிட்டது.
நாளைக்குப் பறந்துவிடும்."