ஏணி

எழுபது வயசுக்குள் கட்டி முடிக்கணும் என்றான்
பகாவ் பேங்கில் அந்தப் பையன்.
எனக்கு நாற்பத்தொன்று.
மாதம் ஆயிரத்து நூற்றுப் பத்து வெள்ளி,
இருபத்தொன்பது வருஷம்.
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினான்,
குழந்தைக்குப் பொம்மை காட்டுவதுபோல.

வாடகை ஐந்நூற்றைம்பதுதான்.
மிச்சத்தைச் சேர்த்து வைப்போம் என்பார் தனசேகர்.
பதினாலு வருஷமாய்ச் சொல்கிறார்.
சேர்ந்தது ஒரு வாஷிங் மெஷின்,
அதுவும் பாதித் தவணையில்.

செம்பனையைச் சாய்த்த சரிவில் புதுத் தாமான்.
மாதிரி வீட்டில் சுவரைத் தட்டிப் பார்த்து
ஆணி அடிக்கலாமா என்றேன்.
சிரித்தார்கள்.
உங்க வீடு அக்கா,
கடப்பாறையே போடலாம்.

அன்றிரவு மழை.
எங்கள் அடுக்களையில்
வழக்கமான இடத்தில் சொட்டியது.
வாளியை வைத்தேன், போன் செய்தேன், படுத்தேன்.
இது என் ஓட்டை இல்லை.
அப்படி ஒரு தூக்கம்!

காலையில் மிஸ்டர் லோ வந்தார்,
ஜப்பான் சிலிப்பரும் தார் டின்னுமாய்
தன் வீட்டுக் கூரையில் தானே ஏற.
இரண்டாம் படியிலேயே முட்டி நடுங்கியது.
ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.
என்ன வயசு அங்கிள் உங்களுக்கு?
வாயில் ஆணியைக் கவ்வியபடி
மேலிருந்து மலாயில் சொன்னார்,
எழுபது.

கைப்பைக்குள் விண்ணப்பம் இருக்கிறது.
பேனா எழுதுகிறதா என்று
ஓரத்தில் கிறுக்கிய கோடு மட்டும் அதில்.
இன்றைக்குள் கொடுத்தால்தான்
வக்கீல் செலவு இலவசமாம்.
எட்டே முக்கால் பஸ் போகிற சத்தம் கேட்கிறது.
ஏணியை விட முடியவில்லை.