உறவுமுறை என்றொரு கட்டம்

இராமநாதபுரம், பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடி.
பணம் மாற்றும் கடையில்
பேனாவை நூலில் கட்டிப் போட்டிருக்கிறார்கள்.
பெறுபவர் பெயர்: ரொடேல். சரி.
ஊர்: சமார் தீவு. எழுத்துக்கூட்டி எழுதினேன்.
உறவுமுறை என்றொரு கட்டம்.
அதில்தான் நின்றுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் அவரைக் கூயா என்பார்.
அவர்கள் பேச்சில் அண்ணன்.
ஆறு ஒப்பந்தமாய் ஒரே அறை,
கீழ்க்கட்டில் அவருக்கு, மேல்கட்டில் இன்னாசிக்கு.
அப்படியென்றால் எனக்கு மூத்தார்.
நேரில் முகம் பாராத மூத்தார்.
அப்படியே எழுதினேன்.

அந்த ஊரில் கூண்டு ஏற்றியிருப்பார்களா?
பாம்பன் துறைமுகத்தில் எண் மாறினாலே
நாங்கள் வள்ளத்தை மேலே இழுத்துவிடுவோம்.
அங்கே காற்று இரவில் வந்ததாம்.
கூரையை முதலில் எடுத்துக்கொண்டு
சுவருக்கு மறுபடி வந்ததாம்.
நாலு நாள் தொலைபேசி இல்லை.
அந்த நாலு நாளும் ரொடேல்
துண்டை மடித்து யானை செய்துகொண்டிருந்தார்.
பயணிகள் கட்டிலில் தினம் ஒரு விலங்கு இருக்க வேண்டுமாம்.
யானை, குரங்கு, ஒருநாள் அன்னம்.
காது மடிக்கையில் மட்டும் கை நின்றுவிடுமாம்.
"மேல்தளத்தில பாட்டு நிக்கவே இல்ல" என்றார் இன்னாசி.
பாதி அறைகளை இவர் பெருக்கினார்,
சன்னலில்லாத நடைவழியில் நின்று
அவர் அழைத்துக்கொண்டே இருக்க.

ஐந்தாம் நாள் மரிசெல் பேசினாள்.
உயிர் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில்.
வீடென்று காட்ட நாலு கால்.

பாசி எடுக்கப் போகிற வள்ளத்தில் சொன்னேன்.
விரலில் துணி சுற்றிக்கொண்டே கேட்டார்கள்.
யாரும் உச்சுக்கொட்டவில்லை.
எங்கள் கூரை பறந்த வருஷம்
அந்தக் கப்பலில் ஒரு சலவைப்பை
கட்டில் கட்டிலாய்ச் சுற்றி வந்தது.
சின்னப்பாலத்தில் பதினேழு வீட்டுக்குத் தார்ப்பாய்.
என்னுடையது இன்னும் கோழிக்கூட்டின் மேல் கிடக்கிறது,
நீலம் போய், சாம்பலாய்.

எடை போட்டுக் காசு வாங்கியதும்
முந்தானை முடிச்சுகள் அவிழ்ந்தன.
நாகஜோதி இருநூறு.
லில்லிபுஷ்பம் முந்நூறு, அதில் நூறு கடன் வாங்கியது.
செய்யதம்மாள் தொகையைச் சொல்லக்கூடாது என்றாள்,
சொல்லவில்லை.
மாரிக்கண்ணுவிடம் காசில்லை.
காகிதத்தில் நெத்திலிக் கருவாடு மடித்துத் தந்தாள்:
"இதையும் சேத்து அனுப்பு."
ஆறாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய், ஒரு பொட்டலம்.

கடைப்பையன் படிவத்தைப் படித்தான்.
சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை.
"அக்கா, இங்க வாங்கத்தான் முடியும்.
இங்கேயிருந்து வெளிநாட்டுக்குப் போகாது."
இத்தனை வருஷம் கைநீட்டி வாங்கின சன்னல்,
ஒருபக்கம் மட்டும் திறக்கும் என்று
இன்றுதான் தெரிந்தது.
அறை முழுக்கக் கருவாட்டு வாசம்.
மூத்தார் என்றெழுதிய தாளை
பொட்டலத்துக்கு மேலே இன்னொரு சுற்றாய்ச் சுற்றிக்கொண்டேன்.

திரும்பும் பேருந்து பாலம் ஏறுகையில்
கடலைப் பார்க்காமல் கணக்குப் போட்டேன்.
இன்னாசிக்குக் குரல் அனுப்பினேன்:
இந்த மாசம் எனக்கு அனுப்புறதுல
ஆறாயிரத்து முந்நூத்தம்பதைக் குறைச்சுக்கோங்க.
அதை அங்கேயே கூயா கையில குடுங்க.
இந்த நோட்டுல நான் சாப்பிட்டுக்கிறேன்.

கடல் கடலாய்ப் போக வேண்டிய காசு
மேல்கட்டிலிலிருந்து கீழ்க்கட்டிலுக்கு
ஒரு கை நீளம் இறங்கியது.

கருவாடுதான் மிச்சம்.
"நீயே தின்னு" என்றாள் மாரிக்கண்ணு,
"அன்னைக்குக் குழம்புக்கு ஆகிற காசை
அதுல சேக்கச் சொல்லு."
நாற்பது என்று போட்டேன்.
அவள் ஐம்பது என்று சண்டை பிடித்தாள்.
ஐம்பது.

நேற்று ஒரு படம் வந்தது.
பதினோரு தகரம் அடுக்கியிருக்கிறது,
மேலே ஏறி உட்கார்ந்து ஒரு சிறுமி
ஈறு தெரியச் சிரிக்கிறாள்.
ஆணி பத்தவில்லை என்று மரிசெல் சொன்னாளாம்.

ஆணி எப்போதும் பத்தாது.
தகரத்துக்குக் கணக்குப் பார்ப்போம், சட்டத்துக்குப் பார்ப்போம்,
ஆணியை அடிக்கும்போதுதான் எண்ணுவோம்.
நாளை விடிகாலை தண்ணி வற்றும்.
வள்ளத்தில் சொல்ல வேண்டும்.