களத்தில் செருப்பு

புதுவயலில் காலை ஏழு மணிக்கே
காற்றில் அவித்த நெல்லின் வாசம்.
என் கிளினிக்கின் ஜன்னல் கம்பியில், மேசையில்,
பிரஷர் பார்க்கும் பட்டையின் மடிப்பில்
உமித்தூசு.
சேவுகன் துடைப்பார். பத்து மணிக்கு மறுபடி படியும்.

அடைக்கி வலது காலை நீட்டினாள்.
பெருவிரலுக்குக் கீழே
எட்டணா அளவுக்கு ஒரு குழி.
"வலிக்கலையே" என்றாள்
என்னைச் சமாதானப்படுத்துவதுபோல.
வலிக்காததுதான் வியாதி என்று
எப்படிச் சொல்ல.

சர்க்கரை முந்நூற்று எண்பது.
சோற்றைக் குறையுங்கள் என்றேன்.
கூலியோடு வாரம் இரண்டு படி குருணை அவளுக்கு.
தினமும் நடக்க வேண்டும் என்றேன்.
சிரித்தாள். பெஞ்சில் காத்திருந்தவர்களும் சிரித்தார்கள்.
சிமெண்டுக் களத்தில் நெல்லைக் காலால் கிண்டியபடி
பொழுது சாயும்வரை அவள் போய்வரும் தூரத்தை
யார் அளந்தார்கள்.

செருப்பில்லாமல் நடக்காதீர்கள் என்றேன்.
"களத்துலயா, டாக்டரம்மா?"
கோயிலுக்குள் போட்டுக்கொண்டு போகச் சொன்னவளைப்
பார்ப்பதுபோல் பார்த்தாள்.

மில் முதலாளியும் என் பேஷண்ட்தான்.
இந்தக் கட்டடம் அவருடையது.
மூன்று வருடமாக வாடகை ஏற்றவில்லை, நல்ல மனிதர்.
அன்று இரவு போன் போட்டேன்.
கொதிக்கிற களம், மரத்துப்போன பாதம்,
லேசில் ஆறாத புண்,
ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, இல்லையென்றால்
நிழலில் ஏதாவது வேலை.
பொறுமையாகக் கேட்டார்.
"நீங்க சொன்னாச் சரிங்க" என்றார்.
போனை வைத்தபோது
எனக்கு என்னைப் பிடித்திருந்தது.

மறுநாளே அவளை நிறுத்திவிட்டார்.
கால் ஆறியதும் வரட்டுமாம்.

ஏழு வாரம் அவளைக் காணோம்.
சேவுகன் கார்டை எடுத்துக்
கீழ்த்தட்டில் வைத்தார், வராமல் போனவர்களோடு.
"சொல்பேச்சுக் கேக்காத சனம்" என்பார் வழக்கமாக.
அன்று ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று ஷட்டரைப் பாதி இறக்கியபின்
குனிந்து உள்ளே வந்தாள்.
காலில் சாக்கை வெட்டித் தைத்த உறை.
அதில் பாதி அழிந்த எழுத்தில்
வேறொரு மில்லின் பெயர்.
இரண்டு பஸ் மாறிப் போகிறாள்.
கூலி முப்பது ரூபாய் குறைவு.

புண் எலும்புவரை போயிருந்தது.
கழுவினேன். அவள் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"ஊசி போடுங்க, மருந்து எழுதுங்க, என்ன வேணாலும் செய்யிங்க.
இந்த மில்லுக்கு மட்டும்
போன் பண்ணிராதீக."

சிவகங்கைப் பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன்.
பெயர். வயது. எத்தனை நாளாக.
தொழில் என்ற இடத்தைக் காலியாக விட்டுக்
கையெழுத்துப் போட்டேன்.